புள்ளியின் எல்லை

நவம்பர் 11, திங்கள்

இன்றும் மவுஸ் சொன்னபடி கேட்கவில்லை. காலையில் வந்ததும் வேறொன்று வாங்கி மாட்டினேன். அதுவும் அப்படியேதான். இந்த ஆராய்ச்சிப் பண்ணைக்கு மவுஸ் வாங்கிப் போடுகிற ஆளைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு நாள் முழுக்க இலைப்புள்ளி வரையச் சொல்ல வேண்டும்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் அபினேஷுக்கு வேலையை விளக்கச் சொன்னார் டாக்டர் பாலதண்டாயுதம். எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவர். விளக்கினேன். கடலைச் செடிக்கு இலைப்புள்ளி நோய் வந்தால் இலை கொட்டும், காய் சிறுக்கும். அதைத் தாங்குகிற இரகம் வேண்டும். இரண்டு புது இரகங்கள் தேறி வந்திருக்கின்றன. இன்னும் பெயர் வைக்கவில்லை. இருபத்துமூன்று, முப்பத்தொன்று என்று எண்தான். வயலில் பறித்த இலைகளைப் பெனாசிர் அக்கா ஸ்கேன் செய்து தருவார். படத்தைத் திரையில் திறந்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி மவுஸால் கோடு வரைய வேண்டும். கோட்டுக்குள்ளே இருப்பது நோய். வெளியே இருப்பது நல்ல இலை. இலையில் நோய் எத்தனை பங்கு என்று மென்பொருள் சொல்லிவிடும். பிப்ரவரியில் இரகத் தேர்வுக் குழு வருகிறது. அதற்குள் எல்லா இலையும் முடிய வேண்டும்.

"அவ்வளவுதானுங்களா மேடம்?" என்றான்.

"அவ்வளவுதான். வரைஞ்சு பாரு, தெரியும்."

நான் ஒரு இலையை முடிப்பதற்குள் அவன் ஐந்தாறு முடித்துவிட்டான். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். சன்னல் வெளிச்சம் கண்ணில் அடித்தது.

நவம்பர் 14, வியாழன்

கொல்லிமலை அடிவாரத்தில் பனி தொடங்கிவிட்டது. காலையில் விரல்கள் விறைத்துக்கொள்கின்றன. பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 17, ஞாயிறு

துணி துவைத்தேன். இட்லிக்கு ஆட்டினேன். மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தால் மூடி கையோடு வருகிறது, டப்பா கீழே விழுகிறது. பார்த்தால் அடுக்களையில் எல்லா மூடியும் சும்மா மேலே வைத்திருக்கிறது. ஊறுகாய், உப்பு, எண்ணெய், எல்லாம். வேறு யார், வீட்டுக்காரர்தான்.

"ஏனுங்க, இப்படி மூடி வெச்சா எறும்பு ஏறாதா?"

"ஏறுனா ஏறுது. எறும்பு எத்தன தின்னுரப் போவுது?" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமையும் லைன்மேனுக்கு அழைப்பு வரும்.

கம்பத்தில் ஏறினால் ஒரு திருகாணி விடாமல் முறுக்குகிற மனிதர். வீட்டில் மட்டும் இந்த அலட்சியம்.

நவம்பர் 20, புதன்

பாலதண்டாயுதம் சார் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் நான் வரைந்த இலை ஒன்றைப் பெரிதாக்கி வைத்திருந்தார்.

"என்னம்மா வசுமதி இது, கோழி கெளறுன மாதிரி?"

கோடு கோணலும் மாணலுமாகத்தான் இருந்தது. புள்ளியைத் தாண்டிப் பச்சைக்குள் போய்த் திரும்பியிருந்தது.

"மவுஸ் சரியில்லீங் சார்."

"இதப் பாரு, இருபத்துமூணு. புள்ளி இத்துனூண்டுதான் இருக்குது, நீ இவ்வளவு பெருசா சுத்தி வெச்சிருக்கறே. என்ற பதினாலு வருச இரகம்மா இது. நீ கையசைச்சு விட்டா இதுக்கு நோய் சாஸ்தின்னு ஆயிப்போகும்."

இருபத்துமூன்று அவர் செல்லப்பிள்ளை. தாய்ச்செடியும் தந்தைச்செடியும் அவர் தேர்ந்தெடுத்தவை. முதல் பூவில் மகரந்தம் தொட்டு வைத்தது அவர் விரல். அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் அது உழவர் வயலுக்குப் போய்விட வேண்டும் என்று இருக்கிறார். அவர் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை.

"பாதி எலைய அபினேஷ் கிட்டக் குடுத்துரு."

"வேண்டாங் சார். இது என்ற வேலை. நானே முடிச்சுருவேன்."

"எப்ப?"

"குழு வர்றதுக்குள்ள."

நவம்பர் 21, வியாழன்

முடிப்பேன்.

நவம்பர் 25, திங்கள்

எப்படி முடிப்பது என்று கண்டுபிடித்துவிட்டேன்.

அந்த மென்பொருளில் 'பதிவு செய்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு நாம் செய்கிற ஒவ்வொன்றையும் அது ஒவ்வொரு வரியாக எழுதிக்கொள்கிறது. படத்தைத் திறந்தாய், நிறங்களைப் பிரித்தாய், இந்த அளவுக்கு மேல் கருமையானதைத் தேர்ந்தெடுத்தாய், அளந்தாய். அந்த வரிகளைச் சேமித்துவைத்தால் அதுதான் மேக்ரோ. அடுத்த இலைக்கு அதை ஓட்டிவிட்டால் தானாகவே எல்லாம் நடக்கும். மவுஸைப் பிடித்து இழுக்க வேண்டாம். புள்ளிகளைச் சுற்றி மஞ்சள் கோடு தானே வந்து உட்காரும்.

மதியம் வரை பதிவு செய்து பார்த்தேன். முதல் இலைக்கு அருமையாக வந்தது. இரண்டாவது இலையில், இலை முழுவதையும் ஒரே புள்ளி என்று சுற்றிவிட்டது. சிரித்துவிட்டேன்.

"எதுக்கு வசு சிரிக்கறே?" என்று பெனாசிர் அக்கா ஸ்கேனர் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

"மொத்த எலையும் செத்துப்போச்சாம்க்கா."

"யாரு சொன்னது?"

"இதுதான்."

"அதுக்குக் கண்ணு தெரியாதுல்ல. நீதான் சொல்லிக் குடுக்கோணும்."

டிசம்பர் 2, திங்கள்

இலையை ஒட்டியிருந்த மண் துகளைப் புள்ளி என்றது. மிகச் சிறியதை விட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்தேன். நடு நரம்பைப் புள்ளி என்றது. நீளமாக இருப்பதை விட்டுவிடு என்று இன்னொன்று. இரண்டு சிற்றிலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த நிழலைப் புள்ளி என்றது. அதற்கு என்னால் வரி எழுத முடியவில்லை. ஒன்றன்மேல் ஒன்று படாமல் வையுங்கள் என்று பெனாசிர் அக்காவிடம் சொன்னேன்.

தட்டச்சும் அத்தனை சுகமாக இல்லை. ஆனால் விசைப்பலகையில் ஒரு எழுத்தை அழுத்துகிறோம், விட்டுவிடுகிறோம். மவுஸ் மாதிரி பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 4, புதன்

பேருந்தில் கம்பியைப் பிடித்திருந்தும் முன்னால் நின்ற அம்மா மேல் போய் விழுந்தேன். டிரைவர் பிரேக் போட்ட விதம் அப்படி.

டிசம்பர் 9, திங்கள்

மேக்ரோ தயார். சாரிடம் ஓட்டிக் காட்டினேன். இலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, மஞ்சள் கோடு பூத்து, மூடிக்கொண்டன. அபினேஷ் வாயைப் பிளந்தான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கண்ணு பாக்கறத மிஷினு பாக்குமாம்மா?"

"கண்ணு என்ன பாக்கோணும்னு சொல்றதத்தான் சார் இது பாக்குது."

"நான் ஒத்துக்க மாட்டேன். கையில வரையறதுதான் முறை. இத்தன வருசமா எல்லாரும் அதத்தான் பண்ணீட்டிருக்கறோம்."

"அப்பச் சோதிச்சுப் பாத்துரலாங் சார். எண்ணை மறைச்சு ஒரு கத்தை எலைய நீங்க, அபினேஷ், பெனாசிர் அக்கா மூணு பேரும் வரையுங்க. அதே எலைகளைக் கலைச்சுப் போட்டு மறுவாரம் திரும்ப வரையுங்க. ரெண்டு தடவையும் ஒண்ணா வருதான்னு பாப்போம்."

"நீ வரையலியா?"

"நான் மேக்ரோ பக்கம் சார். நான் வரைஞ்சா நியாயமா இருக்காது."

நல்ல பதில். நடந்து வரும்போதுதான் தோன்றியது, எவ்வளவு வேகமாக வாயில் வந்துவிட்டது என்று.

டிசம்பர் 16, திங்கள்

சோதனை முடிந்தது. ஒரே இலையை ஒரே ஆள் இரண்டாம் முறை வரைந்தபோது முதல் முறை மாதிரி வரவில்லை. யாருக்குமே வரவில்லை. சாருக்கும் வரவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று வெளிப்பட்டது. புள்ளியின் நடுவே பழுப்பு, அதைச் சுற்றி மஞ்சள் வளையம். சார் பழுப்பை மட்டும் வரைகிறார். அக்கா மஞ்சள் வளையத்தையும் சேர்த்து வரைகிறார். அபினேஷ் காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி.

"மஞ்சளும் நோய்தானுங்க சார். பச்ச போனாத்தான மஞ்சளாகும்?" என்றார் அக்கா.

"மஞ்சள் இன்னும் சாகல பெனாசிர்."

"சாகப் போவுதில்லீங்களா?"

இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். இத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்தவர்கள், ஒருவரையொருவர் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கையால் வரைகிறபோது கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. மேக்ரோவுக்கு வரி எழுத உட்கார்ந்தால் கேட்டே ஆக வேண்டும். புள்ளியின் எல்லை எது என்று சொல்லாமல் அது ஓர் அடி நகராது.

கடைசியில் மஞ்சளைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவானது. சார் சொன்னதுதான். எனக்கு ஆட்சேபமில்லை. எதுவானாலும் எல்லா இலைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஓட்டு. ஆனா நான் ஒவ்வொண்ணாப் பாப்பேன்" என்றார்.

"பாருங்க சார். பாக்கறதுக்குத்தான் கோடு போட்டுக் காட்டுது."

டிசம்பர் 18, புதன்

வீட்டுக்காரருக்கு என்ன வந்ததோ, காலையில் சீப்பை என் கையிலிருந்து பிடுங்கித் தலை பின்னிவிடுகிறேன் என்று நின்றார்.

"உங்களுக்குப் பின்னத் தெரியுமா?"

"மூணு ஒயரு. இதிலென்ன இருக்குது?"

பின்னினார். மின்கம்பியை முறுக்குகிற மாதிரி அத்தனை இறுக்கம். கண் இரண்டும் மேலே இழுத்துக்கொண்டன. ரிப்பன் கட்டும்போது என் வலது கையை எடுத்துப் பார்த்தார். விரல் முட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். நான் கையை உருவிக்கொண்டேன்.

"எத்தன நாளா வீங்கியிருக்குது?"

"பனிக்கு அப்படித்தான் இருக்கும்."

"எனக்கில்லையே."

"நேரமாச்சு, பஸ் போயிரும்."

"வசு."

"குழு வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரி, கீஸ்பத்திரின்னு பேசாதீங்க."

பேசவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருக்கிறது.

டிசம்பர் 20, வெள்ளி

பேனா நழுவுகிறது.

டிசம்பர் 26, வியாழன்

இன்றிலிருந்து இதைக் கணினியில் எழுதுகிறேன்.

திங்களன்று காலை தேநீர்க் குவளையைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் முடியவில்லை. வீட்டுக்காரர் துடைத்தார், வண்டியை எடுத்தார். நாமக்கல்லில் மருத்துவர் என் இரண்டு கைகளையும் மேசைமேல் விரிக்கச் சொன்னார். விரியவில்லை. இரத்தம் எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். இன்று முடிவு சொன்னார். முடக்குவாதம். உடம்பு தன் மூட்டுகளையே எதிரி என்று நினைத்து அரிக்கிற நோயாம்.

"எத்தனை மாசமா இருக்கு?" என்று கேட்டார் மருத்துவர்.

"இப்பத்தான் டாக்டர்" என்றேன்.

"ஆடி மாசத்துலிருந்துங்க டாக்டர்" என்றார் பக்கத்திலிருந்து வீட்டுக்காரர். ஆடியிலிருந்து இந்த மனிதர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அடுக்களையில் திருகாமல் வைத்திருந்த மூடிகள் நினைவுக்கு வந்தன.

வாரம் ஒரு மாத்திரை. அது வேலை செய்யத் தொடங்க ஓரிரு மாதம் ஆகும். முழுதாகப் போகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார். நான் கேட்ட ஒரே கேள்வி, வேலைக்குப் போகலாமா என்பது. போகலாம், கைக்குச் சிரமம் கொடுக்காமல் என்றார்.

வண்டியில் வரும்போது அழவில்லை. பனிக்காற்று கண்ணில் நீர் வரவழைக்கும்.

சரி. அழுதேன். இராசிபுரம் சாலை முழுக்க அழுதேன். போதுமா?

ஜனவரி 3, வெள்ளி

எல்லா இலையும் ஓடி முடிந்தது. இருபத்துமூன்றில் நோய் மிகக் குறைவு. முப்பத்தொன்றில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

சார் எழுந்து வந்து என் திரை முன்னால் குனிந்து நின்றார். அவர் முகம் இப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. "நல்ல மேக்ரோம்மா இது. நல்ல மேக்ரோ!" ஒன்றிரண்டு இலையை மேலாகப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்ப்பேன் என்றவர், அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஜனவரி 6, திங்கள்

விடுப்புக்குக் காரணம் சொல்லியிருந்தேன். அதனால் சாருக்குத் தெரியும். அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எனக்காக வருத்தப்பட்டார், உண்மையாகவே. அவர் அக்காவுக்கும் இதே நோயாம், எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று சொன்னார். பிறகு,

"குழு முன்னால அபினேஷ் பேசட்டும். நீ ஓய்வெடு. அடுத்த மாசத்துல இருந்து விதைக் கெடங்குக்கு மாத்தறேன். உக்காந்த எடத்துல மேற்பார்வை. கைக்கு ஒரு வேலையும் இல்ல."

"மேக்ரோ எழுதறதுக்கும் கைக்குப் பெருசா வேலையில்லீங் சார்."

"உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியுதுங் சார்."

"அப்பறம் என்ன?"

"எனக்கு அந்த நல்லது வேண்டாம்."

எழுந்து வந்துவிட்டேன். கதவுக் குமிழைத் திருக முடியாமல் வெளியே போவதற்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். திருகி முடித்துத்தான் போனேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கரும்பை வீட்டுக்காரர் துண்டு போட்டுத் தோல் சீவித் தந்தார். தின்றேன். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 20, திங்கள்

சார் பார்க்காததை நான் பார்க்கத் தொடங்கினேன். முப்பத்தொன்றின் இலைகள், ஒவ்வொன்றாக, மஞ்சள் கோட்டோடு. கோடுகளை எண்ணிப் போனால் எங்கும் பொடிப்பொடியாகச் சின்ன வட்டங்கள். பெரிதாக்கினேன். பழுப்பு இல்லை. செங்கல் நிறம். கொப்புளம் கொப்புளமாக.

துரு நோய்.

இலைப்புள்ளியே இல்லை. வேறு நோய். வேறு பூஞ்சை. முப்பத்தொன்றில் துரு விழுந்திருக்கிறது, என் மேக்ரோ அதையும் சேர்த்து இலைப்புள்ளி என்று எண்ணி வைத்திருக்கிறது. கருமையாக இருந்தால் எடு என்றேன், எடுத்தது. மண் துகளைவிடப் பெரிதாக இருந்தால் எடு என்றேன், எடுத்தது. துருவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெனாசிர் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அக்கா நெடுநேரம் பார்த்தார்.

"கையில வரைஞ்சிருந்தா இத விட்டிருப்போம் வசு. பாத்தாத் தெரிஞ்சிருக்கும்."

"ஆமாக்கா."

"சார் கிட்ட என்ன சொல்லப் போறே?"

"இதத்தான்."

அந்த மேக்ரோவுக்காக நான் போட்ட சண்டையெல்லாம் நினைவுக்கு வந்தது. என் கை செய்ய முடியாததை அது செய்கிறது என்பதால் அதன்மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டிருந்தது. இப்போது அதைத் தப்பு என்பது என் கையையே குறை சொல்கிற மாதிரி இருந்தது.

ஜனவரி 21, செவ்வாய்

சார் படங்களைப் பார்த்தார். துரு என்று அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. அதை மறைக்கிற ஆளும் அல்ல அவர். ஆனால்,

"துருவும் நோய்தானம்மா. நோய் வர்ற இரகத்த எதுக்கு வயலுக்கு அனுப்போணும்?"

"அது வேற கணக்குங் சார். நாம சொல்லப் போறது இலைப்புள்ளி. முப்பத்தொண்ணுக்கு இலைப்புள்ளி இருபத்துமூணைவிடக் கம்மியாக்கூட இருக்கலாம். அதுக்கு இல்லாத நோயச் சுமத்தித் தூக்கிப் போடப் போறோம்."

"குழு வர இன்னும் எத்தன நாளிருக்குது? நீயேதான் நல்ல மேக்ரோன்னு சண்டை போட்டே. நான் ஒத்துக்கிட்டேன். இப்ப நீயே வேண்டாங்கறே."

"அன்னைக்கு நான் சொன்னது சரி. இன்னைக்குச் சொல்றதும் சரி."

"வசுமதி, அடுத்த வருசம் இந்நேரம் நான் இங்க இருக்க மாட்டேன்."

அவர் சொன்னது பொய் இல்லை. பதினாலு வருடம் ஒரு செடியோடு இருந்தவர். ஆனால் முப்பத்தொன்றைப் பற்றிப் பேச அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

"திருத்தி ஓட்டறேன் சார். என்ன வருதோ வரட்டும்."

ஜனவரி 29, புதன்

செங்கல் நிறத்துக்கு ஒரு வரி எழுதினேன். அந்த நிறமும், சிறிய வட்டமும் சேர்ந்திருந்தால் தனியாக வை என்று. பாதி சரியாக வந்தது. முற்றிய துரு பழுப்பாகிவிடுகிறது, இளம் இலைப்புள்ளி சிவந்திருக்கிறது. நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாத இலைகள் ஒரு கட்டு மிஞ்சின. அவற்றைக் கண்ணால் பார்த்துக் கையால்தான் வரைய வேண்டும்.

பாதியை அக்கா வரைந்தார். பாதியை நான் வரைந்தேன். மவுஸை வலது உள்ளங்கையால் தள்ளி, இடது கையால் பொத்தானை அழுத்தி, ஒரு புள்ளிக்குப் பல முறை மூச்சை இழுத்துப் பிடித்து வரைந்தேன். மவுஸில் ஒரு குறையும் இல்லை. நன்றாகத்தான் ஓடுகிறது.

அபினேஷ் பக்கத்தில் வந்து நின்றான். "குடுங்க மேடம், நான் வரையறேன்" என்றான்.

"நீ நல்லா வரைவே. ஆனா உனக்குத் துரு எது, புள்ளி எதுன்னு இன்னும் தெரியாது. உக்காந்து பாரு."

உட்கார்ந்து பார்த்தான்.

ஜனவரி 31, வெள்ளி

திருத்திய முடிவு: இலைப்புள்ளியில் முப்பத்தொன்றுதான் குறைவு. வித்தியாசம் சிறியது, ஆனால் இருக்கிறது. துரு அதற்கு உண்டு. இருபத்துமூன்றுக்குத் துரு இல்லை. இரண்டிலும் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது.

சார் முடிவைப் பார்த்துவிட்டு, பழையதா புதியதா, எதைக் குழு முன் வைப்பது என்று தான் முடிவு செய்வதாகச் சொன்னார்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்னும் முடிவு செய்யவில்லையாம். அபினேஷிடம் பழைய படங்கள்தான் இருக்கின்றன. அவன் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான், பாவம்.

சார் அறைக்குப் போனேன். கூப்பிடாமல் போனது இதுதான் முதல் தடவை.

"குழு முன்னால நான்தான் பேசுவேன் சார்."

"நான் என்ன சொன்னேன் உங்கிட்ட?"

"சொன்னீங்க. நான் ஒத்துக்கல. மேக்ரோ எழுதுனது நான். அது எங்க தப்பும்னு தெரிஞ்சதும் எனக்குத்தான். எங்க தப்பும்னு தெரியாதவங்க அதப் பத்திப் பேசக் கூடாது."

"பேச விடலைன்னா?"

"சுவரோரமா உக்காந்திருப்பேன். யாராவது கேள்வி கேட்டா எந்திரிச்சுப் பதில் சொல்லுவேன். யாரும் கேக்கலைன்னாலும் எந்திரிப்பேன்."

என்னைப் பார்த்தார். கோபமா வேறெதுவுமா என்று தெரியவில்லை.

"நீ முன்னெல்லாம் இப்படி இல்லையேம்மா."

"இப்ப இப்படித்தானுங் சார்."

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வேலை போயிருமா?" என்றார். தெரியாது என்றேன். "சரி" என்றார். பிறகு, "எந்தச் சேலை?" என்றார்.

பிப்ரவரி 12, புதன்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

குழுவில் ஐந்து பேர். தலைவர் ஒரு வயதான அம்மா, வேறு ஊர்க்காரர், நோயியல் படித்தவர். விவசாயி உறுப்பினர் ஒருவர், வெள்ளைச் சட்டை, தோளில் பச்சைத் துண்டு. சார் எழுந்து வரவேற்றுவிட்டு, என்னைப் பார்த்தார். பிறகு அபினேஷைப் பார்த்தார். பிறகு, "அளவெடுத்தது வசுமதி. அவங்களே சொல்லட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

நான் போய் நின்றேன்.

முதல் முடிவையும் காட்டினேன், திருத்திய முடிவையும் காட்டினேன். மேக்ரோ எங்கே ஏமாந்தது, துருவை எப்படிப் புள்ளியென்று எடுத்துக்கொண்டது, எந்த இலைகளைக் கையால் வரைந்தோம், எல்லாம். மறைக்க ஒன்றும் இல்லையென்றால் பேசுவது எவ்வளவு எளிதாக இருக்கிறது!

தலைவர் அம்மா கேட்டார். "உங்க மேக்ரோ தப்புப் பண்ணும்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் அதை ஏன் நம்பணும்?"

"அது பண்ணுற தப்பு எல்லா இலையிலயும் ஒரே மாதிரி இருக்கும் மேடம். அதனாலதான் கண்டுபிடிக்க முடிஞ்சுது. நாங்க கையில வரைஞ்சப்ப ஆளுக்கொரு தப்பு, நாளுக்கொரு தப்பு. அதைக் கண்டுபிடிக்க வழியே இல்ல."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். "நல்லது. நேரம் மிச்சப்படுத்தத்தானே முதல்ல இதை எழுதினீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். சாரும் தலையை ஆட்டினார்.

"இல்லீங்க மேடம். எனக்குக் கையில வரைய முடியல. முடக்குவாதம். மவுஸைப் புடிக்க முடியல. வேலைய விட்டுக் குடுக்கவும் மனசில்ல. அதனால எழுதுனேன்."

என் கைகளை மேசைமேல் வைத்தேன். ஒளிக்கவில்லை, நீட்டிக் காட்டவும் இல்லை. மேசைமேல் வைத்தேன், அவ்வளவுதான். அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

அப்போது பச்சைத் துண்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அம்மிணி, அதெல்லாம் இருக்கட்டும். அந்த முப்பத்தொண்ணு காய் எப்படிப் புடிக்குது? துரு விழுந்தும் புடிக்குதா?"

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. என்னைப் பார்த்துப் பரிதாபப்படாமல் கடலையைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள்.

"புடிக்குதுங்க. இருபத்துமூணைவிடக் கொஞ்சம் கம்மி."

"இருபத்துமூணுக்குத் துரு வராதுங்கறீங்க?"

"இந்த வருசம் வரல. ஒரு வருசத்த வெச்சு வராதுன்னு என்னால சொல்ல முடியாதுங்க."

சார் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் தலைவர் அம்மா சொன்னார்: இந்த ஆண்டு எதையும் வெளியிட வேண்டாம். இரண்டு இரகங்களையும் இன்னும் ஒரு பருவம் போட்டுப் பார்க்க வேண்டும். இலைப்புள்ளியையும் துருவையும் தனித்தனியாக அளக்க வேண்டும், இதே மேக்ரோவால், திருத்தி.

அவர்கள் போன பிறகு சார் வயல் பக்கம் நடந்து போனார். தனியாக. நான் பின்னால் போகவில்லை. போய் என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்க நான் எதுவும் தப்புச் செய்யவில்லை. ஆனால் அவர் நடையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

சார் என்னிடம் பேசவில்லை. நேற்றும் பேசவில்லை. பெனாசிர் அக்கா பிரியாணி கொண்டுவந்தார். அபினேஷ் துருக் கொப்புளம் ஒன்றைத் தானே கண்டுபிடித்துக் கத்தினான். உண்மையிலேயே துருதான்.

பிப்ரவரி 19, புதன்

காலையில் சார் என் மேசைக்கு வந்தார். வழக்கமாகக் கூப்பிட்டு அனுப்புவார். இன்று அவரே வந்து, அக்காவின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விதைக் கெடங்குக்கு உன்ன மாத்தறதா எழுதுனேன்ல, அதக் கிழிச்சுப் போட்டேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அடுத்த பருவம் ரெண்டு மடங்கு வேலை. ரெண்டு நோய், ரெண்டு அளவு. எலை பறிக்கறப்பவே துரு எது, புள்ளி எதுன்னு வயல்லயே பிரிக்கோணும். குனியோணும், வெயில்ல நிக்கோணும், சேத்துல எறங்கோணும்." நிறுத்தினார். என் கையைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை. "உன்னால ஆகுமாம்மா?"

மாத்திரை வேலை செய்கிறதா என்று எனக்கு இன்னும் தெரியாது. இன்று காலை குவளையை ஒரு கையால் தூக்கினேன். நாளை தூக்குவேனா என்று தெரியாது. பருவம் தொடங்குகிற ஜூன் மாதம் என் விரல்கள் எப்படியிருக்கும் என்று மருத்துவருக்கே தெரியாது.

"ஆகுமான்னு கேக்காதீங் சார்" என்றேன். "என்னைக்கு வெதைக்கறோம்னு சொல்லுங்க."